நாலு சக்கரமும் சுற்றும் நாள்

எங்கள் அடுக்ககத்து நண்பரிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால், "லாங்ல பதினாலு வரும் சார்" என்பார். அவர் லாங் போய் யாரும் பார்த்ததில்லை. வீடு வேளச்சேரி, ஆபீஸ் சோழிங்கநல்லூர். நடுவில் பள்ளிக்கரணை, ரேடியல் ரோடு, துரைப்பாக்கம் சிக்னல். எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இதில் மலை கிடையாது, காட்டாறு கிடையாது, யானை குறுக்கே வராது. இந்த வழியில் தினம் ஆபீஸ் போய்வரத்தான் அவர் பழைய ஃபோர் பை ஃபோர் பிக்கப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்.

வாங்குவதற்கு முன்னால் மாதக்கணக்கில் தேர்வு நடந்தது. 2007-ல் வந்த ஸ்கார்பியோ கெட்அவேயா, 2009-ல் வந்த டாடா ஜெனானா, 2016-ல் வந்த இசுஸு வி-கிராஸா என்று லிஃப்டில், மொட்டை மாடியில், ஒருமுறை சாவு வீட்டில்கூட ஆலோசனை கேட்டார். ஆலோசனை என்பது சும்மா மரியாதைக்கு. "பேசாம ஒரு வேகன் ஆர் எடுத்துடுங்களேன்" என்று சொன்னவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் இருந்தவர் யாராலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட அவர் நிற்பதில்லை.

பழைய பிக்கப்புகளில் நிறைய மஞ்சள் போர்டு. சரக்கு வண்டிக் கணக்கு. எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். வெள்ளை போர்டுதான் வேண்டும் என்று அலைந்து, கடைசியில் நீலகிரிப் பக்கம் "எஸ்டேட் வண்டி, ஒரே ஓனர்" என்று ஒன்று மாட்டியது. மூன்றில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. கம்பெனிக்காரர்கள் நல்ல வண்டியாகத்தான் செய்தார்கள். அது யார் கைக்குப் போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பின்தொட்டி முழுக்க மூட்டை இழுத்த கீறல். பெயிண்ட் அடிக்கட்டுமா என்று கேட்ட மெக்கானிக்கிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இந்த ரக வண்டியில் ஒரு விஷயம். சாதாரணமாகப் பின்சக்கரம் இரண்டுக்குத்தான் இழுப்பு. டேஷ்போர்டில் இருக்கும் குமிழைத் திருகி ஃபோர் ஹெச் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ரொம்ப மோசமான இடமென்றால் ஃபோர் எல். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் இரண்டையும் போடக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின்சக்கரம் ஓடும் தூரம் வேறு. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க இதில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றிலோ மணலிலோ டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும், ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும். ஆகக்கூடி, எதற்காக இவ்வளவு பணத்தைக் கொட்டினாரோ அதை வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் ஓர் இடத்திலும் போட முடியாது.

அவருடைய நாள் முழுவதும் இந்த ஒரு துக்கத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. எங்கே சேறு, எங்கே பள்ளம் என்று தேடிக்கொண்டே வண்டி ஓட்டுவார். மாதவரம் – சிறுசேரி மெட்ரோ தடத்துக்காக ஓ.எம்.ஆரைத் தோண்டியபோது ஊரே சபித்தது. இவர் மட்டும் அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தெருவில் குடிநீர்க் குழாய்க்குக் குழி வெட்டினால் காண்ட்ராக்டரிடம் போய், "எப்ப மூடுவீங்க?" என்று கேட்பார். நாமும் அதையேதான் கேட்கிறோம். குரல்தான் வேறு.

மழைநாள் ஒன்றில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. பள்ளிக்கரணை தாண்டி இடது ஓரத்தில் ஒரு தேங்கல். எல்லா வண்டியும் வலதுபக்கமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. இவர் இடதுபக்கம் ஒடித்து, அதன் கரையில் நிறுத்தினார். ஏ.சி.யை அணைத்தார். பாட்டை அணைத்தார். நான் பேசிக்கொண்டிருந்தேன்; கையைக் காட்டி என்னையும் அணைத்தார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி ஆழம் பார்த்தார். தேங்கலின் நட்டநடுவில் ஒரு புறா நின்று குளித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொடவில்லை.

குமிழைத் திருகினார். மீட்டரில் பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. தீபாராதனைக்குக் காத்து நிற்பவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மினுக்கல் நின்று விளக்கு நிலைத்தது. "விழுந்துடுச்சு சார்" என்றார், அடிக்குரலில். புறா பறந்தது. தேங்கலைக் கடந்தோம்.

"பார்த்தீங்களா? டூ வீல்ல வந்திருந்தா அவ்வளவுதான்."

அவர் இதைச் சொல்லி முடிக்கவில்லை, பின்னாலேயே தண்ணீர் கேன் ஏற்றின குட்டி யானை ஒன்று அதே தேங்கலில் இறங்கி ஏறி வந்து நின்றது. அதற்கு முன்சக்கர இழுப்பும் கிடையாது, பச்சை விளக்கும் கிடையாது. "சார், கொஞ்சம் ஓரங்கட்டு சார், லோடு இறக்கணும்" என்றான் ஓட்டி வந்த பையன். அவன் ஒரு கையில் டீ டம்ளர் இருந்தது.

போடுவதோடு முடிந்ததா? எடுக்க வேண்டுமே. குமிழை டூ ஹெச்சுக்குத் திருப்பினார். விளக்கு அணையவில்லை, மினுக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தால் சில சமயம் அப்படித்தான் நிற்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும். காலை ஒன்பது மணி, ரேடியல் ரோடு, நாங்கள் ரிவர்ஸ் எடுத்தோம். பின்னால் மாநகரப் பேருந்து. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து சொன்னதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். ரத்தினச் சுருக்கமாக இருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். விளக்கு அணைந்ததும் இவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகப் போய்விட்டது.

வெயில் காலத்துக்கும் வழி வைத்திருக்கிறார். "ஃபோர் வீல் போடாமலே வெச்சிருந்தா உள்ள ஆயில் சுத்தாது சார். மாசத்துக்கு ஒரு தடவையாவது போட்டாகணும்." இது உண்மைதான். அவருக்கு மட்டும் மாசம் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வரும். பெரும்பாக்கம் பக்கம் ஒரு காலி மனை. லாரிகள் மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிற இடம். அங்கே ஏற்றுவார், இறக்குவார், மறுபடியும் ஏற்றுவார். முதல்நாள் மழையில் ஊறின களிமண்ணில் ஒரு ஞாயிறு இறக்கிவிட்டார். குமிழ் திருகினார், விளக்கு நிலைத்தது, நாலு சக்கரமும் ஒற்றுமையாகச் சுற்றின. வண்டி மட்டும் நகரவில்லை. சுற்றச் சுற்றக் கீழேதான் போனது. அந்த வழியாக வந்த தண்ணீர் லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டு, நூறு ரூபாய்கூட வாங்காமல் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்புதான் இவருக்குத் தாங்கவில்லை. "ஃபோர் எல் போட்டிருக்கணும் சார். என் தப்பு. வண்டி தப்பு இல்ல" என்று ஒரு வாரம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மற்றதெல்லாம் சில்லறை. சரக்கு ஏறாத பிக்கப் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். லீஃப் ஸ்பிரிங் மூட்டைக்காகச் செய்தது, முதுகெலும்புக்காக அல்ல. அதற்காகப் பின்தொட்டியில் மணல் மூட்டை போட்டுக்கொண்டு போகிறார். தினமும் அந்த மணல் சோழிங்கநல்லூர் போய்விட்டு வீடு திரும்புகிறது. ஐப்பசி மழையில் ஒரு மூட்டையிலிருந்து கீரை முளைத்தது. மாமியார் ஏறி உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பட்டுப்புடவை கட்டிய அன்று அவர் மனைவி கால் டாக்ஸியில்தான் போவார். சனிக்கிழமைகள் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்கு நேர்ந்துவிட்டவை.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். அடுக்ககங்களில் ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் பொதுவாக 5 மீட்டர் நீளம். இந்த ரகப் பிக்கப் எதுவானாலும் அதைத் தாண்டும். வி-கிராஸ் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். மிச்சம் எங்கே நிற்கும்? எல்லோரும் நடக்கிற பாதையில் நிற்கும். இவர் வண்டியின் பின்னால் இழுவைக்கொக்கி வேறு, சரியாக முழங்காலுக்குக் கீழே. எதையும் இழுத்துப்போக அல்ல. பார்க்க நன்றாக இருக்கிறதாம். மின்சாரம் போன இரவில் அதில் இடித்துக்கொண்ட எனக்கு அது நன்றாக இல்லை. முன்னால் பொருத்தியிருந்த இரும்புத் தடுப்பைக் கழற்றவைக்க அசோசியேஷன் கூட்டத்தில் பெரும் போராட்டமே நடந்தது. மோதினால் நடந்துபோகிறவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாயிற்று. கழற்றிவிட்டு அந்த இடத்தில் வரிசையாக வெள்ளை விளக்கு மாட்டினார். கீழ்த்தளத்தில் அதைப் போட்டால் எதிரே வருகிறவருக்குக் கொஞ்ச நேரம் உலகமே தெரியாது. அத்தனை உயரமான வண்டிக்குப் பின்னால் ஒரு குழந்தை குனிந்து பந்தை எடுத்தால் ஓட்டுகிறவர் கண்ணுக்குப் படாது. இதையும் சொல்லிப் பார்த்தாயிற்று. "கேமரா போட்டுடலாம் சார்" என்றார். இன்னும் போடவில்லை. விளக்குக்குக் காசு இருந்தது.

இருக்கட்டும். இவ்வளவு நாள் காத்திருந்த அந்த மழை வந்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை விட்டதும், ஜனங்கள் காரை எல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து முதலில் போய் இடம் பிடித்தது எந்த வண்டி என்று சொல்லத் தேவையில்லை. ஸ்விஃப்ட்டுகளுக்கும் ஆல்டோக்களுக்கும் நடுவே, ஸ்நார்க்கல் குழாய் வானத்தைப் பார்க்க, நெடுநெடுவென்று நின்றுகொண்டிருந்தது.

"என்ன சார், இதுக்காகத்தானே வாங்கினீங்க?" என்றேன்.

"ஈ.சி.யூ.ல தண்ணி போனா முடிஞ்சுது சார்."

"ஸ்நார்க்கல்?"

"அது இன்ஜின் மூச்சு விடறதுக்கு. ஒயரிங்குக்கு இல்ல." பிறகு பக்கத்தில் வந்து, கண் மின்ன, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாலத்துல ஏத்தறப்ப ரோடு நல்லா நனைஞ்சிருந்துச்சு. ஃபோர் ஹெச் போட்டுத்தான் ஏத்தினேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? இப்போது ஒரு ஜிப்ஸி மேல் கண் வைத்திருக்கிறார். பட்டாளத்தில் இருந்து ஏலத்தில் வந்த பச்சை வண்டி, ஆவடிப் பக்கம் யாரிடமோ நிற்கிறதாம். இருப்பதை விற்கப்போவதில்லை. "இது கொஞ்சம் பெரிசா இருக்கு சார், டெய்லி ஆபீஸ் போக லாயக்கில்ல. சின்னதா ஒண்ணு வேணாமா?" என்கிறார். சனிக்கிழமை காலையில் அதைப் பார்க்கப் போகிறோம். நான் மின்சார ரயிலில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கூடாதாம், அவர் வண்டியில்தான் வர வேண்டுமாம். வழியில் எங்கேயோ புதிதாகத் தோண்டியிருக்கிறார்களாம்.