வாயுத் தொல்லை

ரைஃபிள் கிளப் என்று எங்கே ஒன்று இருந்தாலும் அங்கே இவர் ஒருவர் இருப்பார். எங்கள் கிளப்பிலும் இருக்கிறார். கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன்; அங்கே எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கிறது. அவர் பெயரும் வேண்டாம். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘வாயு சார்’ என்றால் போதும். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போன் போட்டுப் பழக்க தோஷத்தில், “வாயு... சாருக்கு...” என்று தடுமாறிவிட்டேன். அவர் மனைவி, “ஆமாங்க, ராத்திரியிலேருந்து. சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கேன்” என்றார்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வாயு சார் ரேஞ்சுக்கு வருவார். கனமான தோல் ஜாக்கெட், படுத்துச் சுடப் பாய், கையில் மாட்ட ஸ்லிங். இதெல்லாம் எல்லாரிடமும் உண்டு. அவரிடம் கூடுதலாக ஒரு முகப்பவுடர் டப்பா இருக்கும். அதைத் தட்டிப் பவுடர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். அப்புறம் ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்து உயர்த்துவார். அப்புறம் ஒரு கம்பளி நூல். கடைசியில் முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப். இத்தனையும் முடிந்து அவர் துப்பாக்கியைத் தொடுவதற்குள் மற்றவர்கள் பாதி குண்டைச் சுட்டு முடித்திருப்போம்.

“50 மீட்டர்தானே சார், அதுக்குள்ள காத்து என்ன பண்ணிடும்?” என்று புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது கேட்டால், அன்று அவன் டிபன் சாப்பிட்டபாடில்லை. வாயு சார் அவனைப் பாயில் உட்கார வைத்துக்கொள்வார். பாயிண்ட் டூ டூ குண்டின் எடை 2.6 கிராம். அது 50 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவோ 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அவ்வளவுதான். நட்ட நடுவில் விழ வேண்டிய குண்டு எட்டைத் தாண்டி ஏழில் போய் விழும்.

“கடிகாரத்தை நினைச்சுக்கோ. நீ நடுவுல படுத்திருக்கே, இலக்கு 12 மணி. காத்து 3 மணியிலேருந்தோ 9 மணியிலேருந்தோ வந்தா முழு அடி. 1 மணியிலேருந்து வந்தா பாதி அடி. அதோட குண்டு சுழலுது பாரு, அதனால வலப்பக்கக் காத்து அதை இடது பக்கம் தள்றதோட கொஞ்சம் மேலேயும் தூக்கும். இடப்பக்கக் காத்து வலது பக்கம் தள்ளி, கொஞ்சம் கீழே அமுக்கும்.”

இவ்வளவும் உண்மை. ஒரு சொல் பொய்யில்லை. வாயு சாரைக் கண்டு சிரிப்பதில் உள்ள சிக்கலே அதுதான்.

ரேஞ்சில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சின்னத் துணிக் கொடிகள் தொங்கும். அவை அவருக்குப் போதாது. கொடி நிற்கிற இடத்துக் காற்றை மட்டும்தானே சொல்லும்? மீதி இடத்துக்குக் கானல். வெயில் ஏறி மண் சூடானதும் ஸ்கோப்பைக் கொஞ்சம் கிட்டத்துக்குத் திருகினால், இலக்குக்கு முன்னால் காற்று அலையலையாக ஓடுவது தெரியும். கானல் அடுப்பில் கொதிக்கும் உலைபோல நேரே மேலே எழுந்தால் குறுக்குக் காற்று இல்லை. சாய்ந்தால் மெல்லிய காற்று. படுத்து ஓடினால் பலம். மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்கினால் கானலே கலைந்துபோகும். கானல் இலக்கின் உருவத்தையும் இடம் மாற்றிக் காட்டும். கறுப்பு வட்டம் இருப்பது ஓரிடம், கண்ணுக்குத் தெரிவது இன்னோரிடம். சங்கப் புலவர்கள் கானலுக்குப் ‘பேய்த்தேர்’ என்று பெயர் வைத்தார்கள். வாயு சார் தேரை விட்டுவிட்டார், பேயைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கணக்கு எளிது. பத்து விழுந்தால் அவர் சுட்டது. ஏழு விழுந்தால் காற்று சுட்டது. புது மருமகள் வந்த வீட்டில் பால் பொங்கினாலும் பூனை திருடினாலும் அவள் தலையில் விழுமே, அதுபோல எங்கள் ரேஞ்சில் எல்லாம் காற்றின் தலையில். தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் பெயர் இருப்பது அவருக்குப் பெரிய வசதி. “இந்த ஏழு கொண்டல் சார், இந்த ஆறு வாடை” என்று தாளில் துளைகளைக் காட்டிச் சொல்வார். ஒரே நிமிடத்தில் கிழக்கும் வடக்கும் எப்படி வீசும் என்று கேட்கக் கூடாது.

“10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு மாறிடுங்க சார், அது ஹாலுக்குள்ள, காத்தே கிடையாது” என்று ஒருமுறை சொன்னேன். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதில்தானே ஒலிம்பிக் வரை போனார்? அங்கே பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. வாயு சார் ஒரு வாரம் முயன்றார். எட்டாம் நாள், “ஏசி வென்ட் சரியா மூணு மணியில இருக்கு” என்று திரும்பி வந்துவிட்டார்.

போன மாசியில் நாங்கள் நான்கு பேர் ஜவ்வாது மலைக்குப் போனோம். துப்பாக்கியை மலைக்கு எடுத்துப் போக முடியாது. வெறுமனே காற்றைப் பார்க்க வந்தோம் என்று வனத்துறையிடம் சொல்லிப் புரிய வைக்க நம்மால் ஆகாது. ஆனால் வாயு சார் ஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். போளூரைத் தாண்டியதும் தார்ச்சாலையில் கானல் தண்ணீராகத் தேங்கி நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் முக்காலியை நட்டு, “தென்மேற்கு, சாய்வு நாற்பத்தஞ்சு டிகிரி” என்று அறிவித்தார். ஆடு ஓட்டி வந்த ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “ரோடு அகலப்படுத்தப் போறாங்களா சார்?” என்று கவலையோடு கேட்டார்.

வளைந்து வளைந்து மேலேறி ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தோம். டீக்கடையில் கிளாசிலிருந்து எழுந்த ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்ததில் வாயு சாருடைய டீ ஆறிப்போயிற்று. அதற்கும் காற்றுதான் காரணம்.

ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு வீட்டுக் களத்தில் மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருவர் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு கணம் நிறுத்துவார். காற்று வரும். முறம் சாயும். மணி காலடியில் விழ, உமி நாலு முழம் தள்ளிப் பறந்து போகும். காற்று நின்றால் முறமும் நிற்கும். கொடி இல்லை, கம்பளி நூல் இல்லை, பவுடர் டப்பா இல்லை. வாயு சார் சொக்கிப்போய் நின்றார்.

“பாட்டி, காத்து வரப்போவுதுன்னு எப்படித் தெரியுது?”

“அந்தப் புளியமரம் சலசலங்குதே, காதுல விழல சாமி?”

“காத்து வராட்டி?”

“வராட்டி என்னா? முறத்தக் கீழ வெச்சிட்டு வெத்தல போடுவேன்.” பாட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். “சாமி என்னா வேலை பாக்குறீங்க?”

“துப்பாக்கி சுடுவேன்.”

“எத?”

“காகிதத்த.”

“காகிதம் ஓடுமா?”

“ஓடாது.”

“அப்ப என்னா அவசரம்?”

முப்பது வருஷத்தில் எந்தப் பயிற்சியாளரும் வாயு சாரிடம் இதைக் கேட்டதில்லை. அவர் காற்றை முதலில் அளப்பாரே தவிர, அதற்காகக் காத்திருக்க மாட்டார்; ஏழு விழுந்த பிறகுதான் மறுபடி அதைத் தேடுவார். பாட்டியோ காற்று வந்த பிறகுதான் கையைச் சாய்க்கிறார்.

அன்று சனிக்கிழமை. அதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை அனுமதிக்கும் நாள் என்பதால் அங்கே போனோம். வேணு பாப்பு என்ற வானியலாளர் அறுபதுகளில் தேடித் தேர்ந்த இடம் அது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். சுற்றிலும் காடு, ஊர் விளக்கு குறைவு. 1986-இல் அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் 1982-இலேயே காலமாகிவிட்டார்.

நட்சத்திரம் ஏன் மின்னுகிறது என்று அங்கே ஒருவர் விளக்கினார். அது மின்னவே இல்லையாம். ஒளி பல வருஷம் வெற்றிடத்தில் ஆடாமல் அசையாமல் வருகிறது. கடைசிச் சில கிலோமீட்டரில் நம் காற்றுக்குள் நுழைந்ததும் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அதை இங்கேயும் அங்கேயும் வளைத்து நடுங்க வைக்கின்றன.

வாயு சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கானல்! மிராஜ்!” என்றார். குரல் தழுதழுத்தது. “கேட்டீங்களா? கவர்மெண்டே சொல்லுது!”

கோயிலில் சந்நிதியை விட்டு நகர மனமில்லாதவரைப்போல அந்தக் குவிமாடத்தின் கீழே நின்றார். அவருடைய புகாரை இவ்வளவு பெரிய கட்டடத்தில் வைத்து இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. நான் மட்டும் மெதுவாக, “சார், இதே காத்து வழியாத்தான் 1988-ல இங்கேருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு, ராமானுஜன்னு பேர் வெச்சாங்க” என்றேன். அதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. காற்று எதிர்ப்பக்கம் வீசியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு கிளப்பில் போட்டி. 60 குண்டு, 50 நிமிடம். வாயு சார் புது மனிதராக வந்தார். பவுடர் டப்பா இல்லை. முன்பயிற்சிக் குண்டுகளைச் சுடும்போது இடமிருந்து மெல்லிய காற்று. அதற்குத் தகுந்தாற்போல் சைட்டை நான்கு க்ளிக் திருகினார். முதல் 49 குண்டும் பாட்டி முறை. காற்று மாறினால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார், திரும்பி வந்தால் சுடுவார். எட்டுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. எங்களால் நம்ப முடியவில்லை. அதன்பின் காற்று அடியோடு நின்றுபோயிற்று. கொடிகள் துவண்டு தொங்கின. கானல் நேரே மேலே கொதித்தது. வாயு சார் துப்பாக்கியைக் கீழே வைத்தார். காத்திருந்தார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தபோது அவரிடம் 11 குண்டு மிச்சம் இருந்தது.

“அந்த நாலு க்ளிக்கைத் திருப்பிவிட்டுச் சுட்டிருக்கலாமே சார்?”

“காத்தே வரலை சார், நான் என்ன பண்றது?” என்றார். முப்பது வருஷமாகக் காற்று இருப்பதால் தோற்றவர், முதல்முறையாகக் காற்று இல்லாததால் தோற்றார்.

அடுத்த சுற்று என்னுடையது. கொடிகள் இன்னும் அசையவில்லை. நான் படுத்தேன், மூச்சை அடக்கினேன், அவசரப்பட்டு விசையைச் சுண்டினேன். ஸ்கோப்பில் பார்த்தால் ஆறு. எனக்கே வெட்கமாக இருந்தது. பின்னால் பத்து பேர் நின்றார்கள். சிரிப்பதற்கு எல்லாரும் மூச்சை இழுத்தது என் காதில் விழுந்தது.

அதற்குள் வாயு சாரின் குரல் உயர்ந்தது.

“காத்து சார்! 40 மீட்டர்ல, கொடிக்கு அப்பால. நான் பார்த்தேன்.”

திரும்பிப் பார்த்தேன். எங்கள் கிளப்பில் இத்தனை சுமாராகச் சுடுகிறவர்கள் இத்தனை வருஷமாக ஏன் ஒருவரும் விலகவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

“ஆமா சார்,” என்றேன். “கொண்டல்னு நினைக்கிறேன்.”