வின்னிபெக்கில் இருமிய கார்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே சுகம். என் கார்தான் சுகமில்லாமல் கிடந்து இப்போது தேறியிருக்கிறது. போன வாரம் போனில் "இன்னாடா, வண்டி பேசுதா இல்லியா?" என்று கேட்டீர்கள். அத்தை நடுவில் புகுந்து என் ஸ்வெட்டரைப் பற்றி விசாரித்ததில் அந்தக் கதை பாதியில் நின்றது. அம்பாசடரைப் பிள்ளை மாதிரி வளர்த்த உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் ஊர்க் குளிர். மார்கழியில் செய்யாற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சோக்கை இழுப்பீர்களே, அந்தக் குளிர் இங்கே கோடை காலம். ஜனவரி விடியற்காலையில் மைனஸ் 30 சர்வ சாதாரணம். மைனஸ் 40 வந்துவிட்டால் செல்சியஸா, பாரன்ஹீட்டா என்று கேட்கவே வேண்டாம். அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான். இங்கே ஓடும் பல கார்களின் மூக்கிலிருந்து ஒரு பிளக் ஒயர் தொங்கும். ராத்திரி அதைக் கரண்டில் சொருகினால் உள்ளே பிளாக் ஹீட்டர் என்ஜினின் கூலன்ட்டைச் சூடாக வைத்திருக்கும். கார் நிறுத்தும் இடங்களில் இதற்காகவே வரிசையாகக் கம்பம் நட்டு பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். "காருக்கு வெந்நீர் போடுகிறார்களா?" என்று அத்தை கேட்பார். ஆமாம், போடுகிறோம்.

என்னுடையது பழைய ஜப்பான் கார், நாலு சிலிண்டர். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றும், ஆனால் என்ஜின் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும். பிடித்ததும் ஸ்டியரிங், சீட், நான், நான் வைத்திருக்கும் காபி எல்லாம் ஆடும். சாமி புறப்பாட்டில் தூக்குகிற நாலு பேரில் ஒருத்தர் மட்டும் தோள் கொடுக்காமல் சும்மா கூட நடந்தால் பல்லக்கு எப்படி நொண்டும், அப்படி. இரண்டு நிமிஷம் போனால் அவரும் தோள் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் கார் பரம சாது.

இந்த ஊரில் எதற்கும் காரணம் குளிர்தான். தோசை மாவு பொங்கவில்லையா, குளிர். முடி கொட்டுகிறதா, குளிர். நம்மூரில் திருஷ்டி பார்க்கிற உத்தியோகத்தை இங்கே குளிர் பார்க்கிறது. பொங்கல் விழாவில் சக்கரைப் பொங்கலோடு நின்றவர்களிடம் வாய் திறந்தேன். பேட்டரி செத்துவிட்டது என்றார் ஒருவர். பெட்ரோலில் தண்ணீர் கலந்து உறைந்திருக்கும் என்றார் இன்னொருவர். யாழ்ப்பாணத்து அண்ணர் மட்டும் சுருக்கமாக, "தம்பி, உதை வித்துப்போட்டு வேற வாங்கும்" என்றார். ஒரு மாமி எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். நம்மூர்க் கோயில் தல விருட்சமே எலுமிச்சைதானே, எப்படி மறுப்பது? சாயங்காலமே டயருக்கடியில் வைத்தேன். விடிவதற்குள் அது கருங்கல்லாகிவிட்டது. டயர் ஏறியதும் நசுங்காமல் தெறித்துப்போய் பக்கத்து வீட்டு உக்ரைன்காரர் கராஜ் கதவில் 'டங்'கென்று அடித்தது. திருஷ்டி அவருக்குப் போனதா என்று தெரியவில்லை, அவர் வெளியே வந்துவிட்டார்.

அதுவும் நல்லதற்குத்தான். மனிதர் ரிட்டயர்டு டிரக் மெக்கானிக். குளிர்மேல் பழி போடாத முதல் ஆள் அவர்தான். "ஆபீஸ் விட்டுக் கிளம்பும்போது எப்படி இருக்கிறது?" என்று ஒரே கேள்வி கேட்டார். எங்கள் ஆபீஸ் பார்க்கிங் தரைக்கடியில், ஹீட்டர் போட்டு வெதுவெதுவென்று இருக்கும். அங்கேயும் எட்டு மணி நேரம் நின்றபின் லேசாக இருமத்தான் செய்கிறது! கடைக்குப் போய் அரை மணியில் திரும்பி எடுத்தால், வெளியே மைனஸ் 25 ஆனாலும் இருமல் இல்லை. அப்போது வியாதி குளிரில் இல்லை, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

பேட்டரி குளிரில் சோர்ந்துபோவது நிஜம்தான். மைனஸ் 18ல் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் பேட்டரி சோர்ந்தால் ஸ்டார்ட்டரல்லவா திணற வேண்டும்? மீட்டர் வைத்துப் பார்த்தோம். சும்மா நிற்கும்போது 12.5 வோல்ட், ஸ்டார்ட் ஆகும்போதும் 10க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி நிரபராதி.

பொன் உடும்பாக வந்து புற்றில் ஒளிந்த நம்மூர் மாகறலீசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஸ்கேனரைச் சொருகினோம். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கென்று ஒரு சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு 1996 முதல் கட்டாயம். 'பி 0302' என்று காட்டியது. இரண்டாம் நம்பர் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். தோள் கொடுக்காத ஆசாமி அகப்பட்டார்! ஆனால் ஏன் கொடுக்கவில்லை என்று ஸ்கேனர் சொல்லாது. இரண்டாவதுக்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினோம். காயில் கெட்டிருந்தால் மறுநாள் 0303 என்று வர வேண்டும். வரவில்லை, அதே 0302. ஒரு ஒர்க்ஷாப்பில் முன்னமே நாலு காயிலையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்தக் காசு மிச்சம்.

அடுத்தது உங்கள் வைத்தியம்தான், மாமா: "ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்." விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யாமலே கழற்றினோம். மூன்று பிளக் நல்ல காய்ந்த பழுப்பு. இரண்டாவது மட்டும் கறுத்து, நனைந்து, குப்பென்று பெட்ரோல் வாடை. அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் சரியாக மூடாமல் ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது. லைனில் பிரஷர் இறங்கியதால் இழுத்து இழுத்துப் பிடித்தது. சிலிண்டர் நனைந்து கிடந்ததால் நொண்டியது. சாவியை 'ஆன்' வரை மட்டும் இரண்டு தரம் திருப்பி, பம்ப் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்தால் டக்கென்று பிடித்தது, நடுக்கம் மட்டும் நின்றபாடில்லை. கணக்கு சரியாக வந்தது.

புது இன்ஜெக்டரும் ரப்பர் வளையமும் 70 டாலர். உக்ரைன்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். சொட்டிய பெட்ரோல் ஆயிலிலும் இறங்கியிருக்கும் என்று ஆயிலையும் மாற்றச் சொன்னார், மாற்றினேன். இப்போது காலையில் சாவியைத் திருப்பினால் காபி தளும்புவதில்லை.

அவருக்கு நம் ஊர் ஊறுகாய் என்றால் உயிராகிவிட்டது. அடுத்த பார்சலில் அத்தையை ஒரு கிலோ எலுமிச்சை ஊறுகாய் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். கவரை இரண்டாகப் போட்டு நன்றாகச் சீல் வைக்கவும். போன தடவை எண்ணெய் கசிந்து என் வேட்டி வீணாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்