புகையாத விறகு

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில், செல்பி என்ற ஊருக்குப் பக்கத்தில் டிராக்ஸ் மின்நிலையம் இருக்கிறது. அதன் புகைபோக்கியின் உயரம் 259 மீட்டர். அந்த நாட்டில் அதை மிஞ்சிய புகைபோக்கி கிடையாது. அதன் வழியாக ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு மேலே போகிறது. அரசுக் கணக்கேட்டில் அது எவ்வளவு தெரியுமா? பூஜ்ஜியம். முழுப் பூசணிக்காயை மறைத்தவனுக்கு ஒரு தட்டுச் சோறாவது தேவைப்பட்டது. இவர்களுக்கு அதுவும் வேண்டாம், பேனா போதும்.

வித்தை இதுதான். முன்பு நிலக்கரி எரித்த அதே கொதிகலன்களில் இப்போது விறகு எரிகிறது. விறகு என்று சொல்லிவிடக் கூடாது, ‘பயோமாஸ்’ என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லூசியானாவிலும் மிசிசிப்பியிலும் மரத்தை வெட்டி, அரைத்து, கோழித்தீவனம்போல வில்லைகளாக்கி, கப்பலேற்றி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுவந்து கொளுத்துகிறார்கள். கார்பனை எரித்த நாட்டில் எழுத வேண்டாம், மரம் வெட்டிய நாட்டின் காட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்பது சர்வதேச விதி. சாப்பிட்டது இந்த மேசை, பில் பக்கத்து மேசைக்கு! மரம்தான் திரும்ப வளருமே என்கிறார்கள். வளரும். வளரப் பல பத்தாண்டுகள், எரியச் சில நொடிகள். ஊதாங்குழல் பிடித்த எந்தக் கிழவியிடமும் விறகு புகையாது என்று சொல்லிப் பாருங்கள், குழலாலேயே போடுவாள். இந்தப் புண்ணியத்துக்கு 2023இல் மட்டும் 50 கோடி பவுண்டுக்கு மேல் மானியம், மின்கட்டணம் கட்டுகிறவன் தலையில்.

மிசிசிப்பியில் க்ளோஸ்டர் என்றொரு சிற்றூர். கறுப்பின ஏழைகள் நிறைந்த ஊர். அங்குள்ள டிராக்ஸின் வில்லை ஆலை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் காற்றைக் கெடுத்ததற்காக 25 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. மூச்சுத் திணறல் க்ளோஸ்டருக்கு, பசுமைப் பட்டயம் லண்டனுக்கு.

ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில் இருப்பவர்கள் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் மார்தட்டும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் பாதிக்கு மேல் இந்த பயோ வகையறாதான், அதிலும் பெரும்பங்கு விறகு. மிச்சத்தையும் கழிவையும் எரியுங்கள், எரிப்பதற்கென்றே மரத்தை வெட்டாதீர்கள் என்று ஏறக்குறைய 800 விஞ்ஞானிகள் 2018 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு வந்த சட்டம் மரத்துக்குக் கதவை விரியத் திறந்துவைத்தது. 2030க்குள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் 42.5 சதவீதம் என்பது இப்போதைய இலக்கு. வரைபடத்தில் கோடு அழகாக ஏறுகிறது. காற்றாடியும் சூரியத் தகடும் உழைத்து ஏற்றியதோடு கோடாரி ஏற்றியதும் ஒரே பச்சை மையில்.

பூஜ்ஜியத்தோடும் இவர்கள் நிற்கப்போவதில்லை. டிராக்ஸின் புகையைப் பிடித்துக் கடலுக்கடியில் புதைக்கப் போகிறார்களாம். அந்தக் கட்டுமானத்துக்கு 2024 ஜனவரியில் அனுமதியும் கிடைத்தாயிற்று. அப்புறம் கணக்கேட்டில் மைனஸ்தான். எரிக்க எரிக்கப் பூமி குளிரும். மிசிசிப்பியில் இன்னும் வெட்டுப்படாமல் நிற்கிற மரத்துக்குத்தான் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும், ஏன் சும்மா நிற்கிறாய் என்று.