முனையில் அத்தை இருக்கிறார்

எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற சுகத்தைச் செல்போனுக்குள் கொண்டுவர உலகம் ரொம்ப நாளாகப் பாடுபடுகிறது. எழுத்தில் எது கிண்டல், எது நிஜம் என்று தெரியாமல் சண்டை வருகிறதே என்று, 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர் ஒரு முக்காற்புள்ளி, ஒரு கோடு, ஒரு அடைப்புக்குறி மூன்றையும் படுக்கவைத்துச் சிரிக்கவைத்தார். 2014இல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது. "நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று நம் வீடுகளில் காலங்காலமாகக் கேட்கப்பட்டுவந்த கேள்விக்கு விஞ்ஞானம் சொன்ன பதில் அது.

இதெல்லாம் தேவையே படாதவர் என் சின்ன மாமா. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைக்கும் அப்பால் போனால் அவர் ஊர். அந்த ஊர் இருக்கும் கள்ளக்குறிச்சி 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. மாமா ஊருக்கு சிக்னல்தான் இன்னும் நடந்தே வருகிறது.

மாமா அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக் கேட்க வேண்டும். "மாப்ள, நல்லா இருக்கியா?" என்பார். நான் பதில் சொல்ல மரியாதையாக இடம் விடுவார். அந்த இடத்தில் கோழி கூவும். "சரி சரி. பாப்பா பள்ளிக்கூடம் போவுதா?" மறுபடியும் கோழி. "அட, அப்படியா!" என்று வியப்பார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. குரல் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021இல் வந்தபோது மாமாவையும் ஓடவிட்டுப் பார்த்தேன். நலம் விசாரிப்பது பங்காளித் தகராறு போல ஒலித்தது. உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

வீடியோ காலில் நான் பார்ப்பது அவருடைய காதை. "முகத்தக் காட்டுங்க மாமா" என்றால், "காதுல வச்சாத்தானடா கேக்கும்?" என்பார். நியாயம்தானே.

ஊருக்கு மேலே இருக்கும் பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். ஆகவே போன் வைத்திருக்கும் எல்லோரும் சாயங்காலம் அங்கேதான். மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். "மரவள்ளி என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்பேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பாறை அக்கா விலையைச் சொல்லிவிடுவார். "அது போன வாரத்து விலை" என்று இன்னொருவர் திருத்துவார். இந்தக் குழுவில் யாரையும் அட்மின் சேர்க்கவில்லை. யாரையும் நீக்கவும் முடியாது. நேருக்கு நேர் பேசுவதென்றால் இரண்டு முகம் போதும் என்று கம்பெனிக்காரர்கள் நினைக்கிறார்கள். நம்மூர்ப் பேச்சுக்குக் குறுக்கே பேச ஒருவர், ஒட்டுக்கேட்க ஒருவர், "விடுங்கப்பா" என்று சமாதானம் சொல்ல ஒருவர் என்று குறைந்தது ஐந்து பேர் வேண்டும்.

ஒருநாள் மாமா குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஒரு ரெண்டாயிரம் அனுப்பு. அத்தைக்குத் தெரிய வேணாம்."

"எதுக்காம்?" என்றது அத்தையின் குரல்.

இரு முனைக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று 2016இல் வாட்ஸ்அப் அடித்துச் சொன்னது. முனையிலேயே அத்தை உட்கார்ந்திருப்பார் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

பணத்தை அத்தையின் எண்ணுக்கே அனுப்பினேன். "வந்துடுச்சா?" என்று மாமாவிடம் கேட்டேன்.

"வந்துடுச்சு தம்பி" என்றார், பக்கத்துப் பாறை அக்கா.