102 சென்டிமீட்டரில் தொடங்கும் தைரியம்

பெறுநர்: வால்ட் டிஸ்னி இமாஜினியரிங், க்ளெண்டேல், கலிஃபோர்னியா.

பொருள்: தங்கள் உயரக் கோலுக்குப் பாராட்டு தெரிவித்தலும், அதற்குத் துணையாக இன்னொரு கோல் வேண்டுதலும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மனிதனுக்குத் தைரியம் எங்கே தொடங்குகிறது என்று ஞானிகள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, தாங்கள் அதைச் சென்டிமீட்டர் கணக்கில் கண்டுபிடித்துப் பலகையில் எழுதி வாசலில் நட்டுவிட்டீர்கள். அதற்கு முதலில் ஒரு கும்பிடு. ஃப்ளோரிடாவில் 1994-இல் தாங்கள் திறந்த ‘டவர் ஆஃப் டெரர்’ என்னும் பேய் விடுதியில், லிஃப்ட் அறுந்து விழும் பரவசத்தை அனுபவிக்க 102 சென்டிமீட்டர் இருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால் நான்கு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ அதுதான். ஆக, பிறந்தநாள் கேக்கை வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்து லிஃப்டில் ஏறிவிடலாம். இன்னொரு பக்கம், அனாஹெய்ம் டிஸ்னிலேண்டில் 1955 முதல் இருக்கும் ‘மிஸ்டர் டோட்’ சவாரியில், கார் ரயிலோடு மோதி, ஏறியவர்கள் எல்லோரும் நேரே நரகத்துக்குப் போகிறார்கள். குட்டிப் பிசாசுகள் துள்ளிக் குதித்து வரவேற்கின்றன. அதற்கு உயர வரம்பே இல்லை. எமதர்மராஜன்கூட சித்திரகுப்தனிடம் ஏட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவான். தங்கள் நரகத்துக்குக் கைக்குழந்தையும் போகலாம்.

இந்தக் கோலை வைத்துத் தங்கள் விசிறிகள் பல ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்சிக்கு, இது குழந்தைகளின் இடம். அழவைக்கும் எதுவும் இங்கே இருக்கக்கூடாது. மறுகட்சிக்கு, பயமில்லாத தேவதைக் கதை உப்பில்லாப் பண்டம். சூனியக்காரியை எடுத்துவிட்டு ஆப்பிளை மட்டும் காட்டினால் அது பழக்கடை. இரண்டாம் கட்சிக்கு ரோஷம் அதிகம். ஃப்ளோரிடாவில் இருந்த மிஸ்டர் டோட் சவாரியை 1998-இல் தாங்கள் மூடியபோது, அவர்கள் டீ-ஷர்ட் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே வந்து எதிர்ப்புக் காட்டினார்கள். டோட் என்ற ஒரு தேரைக்காக இவ்வளவா என்று சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சின்னதல்ல. அதற்குத் தாங்கள் பதில் சொல்லவில்லை. கரடிப் பொம்மை ‘வின்னி த பூ’வைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்காரவைத்தீர்கள். இரு கட்சியும் வாதாடுவது எவ்வளவு பயம் என்ற அளவைப் பற்றி. அளவு முக்கியமில்லை என்பதும், பயப்படும் நேரத்தில் குழந்தைக்குப் பக்கத்தில் யார் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார் என்பதே முக்கியம் என்பதும்தான் இந்தக் கடிதத்தின் வாதம். அதற்குச் சான்றுகள் எல்லாம் தங்கள் கிடங்கிலேயே இருக்கின்றன.

தங்கள் பொறியாளர்கள் இங்கே கோபத்தோடு குறுக்கிடுவார்கள் என்று தெரியும். உயர வரம்பு உயிர்காக்கும் ஏற்பாடு, கேலிப் பொருள் இல்லை என்பார்கள். முழுக்க உண்மை. இருக்கையின் கம்பி எந்த உடலைப் பிடித்து நிறுத்தும், எந்த உடல் அதன் அடியில் நழுவி வெளியேறும் என்பதை வாசலில் நிற்கும் ஊழியர் ஒரு நொடியில் கண்டுகொள்ளக் குழந்தையின் உயரமே எளிதான அடையாளம். அந்தக் கோலை ஒரு விரல்கூட இறக்க வேண்டாம். கால்விரலில் எம்பி நிற்கும் பிள்ளைக்காகக் கெஞ்சும் அப்பாக்களுக்கும் இரங்க வேண்டாம். குறை கோலிடம் இல்லை. உடலை அளக்க வைத்த கோலிடம் மனசையும் அளக்கச் சொல்லிவிட்டுத் தாங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். கோல் இருந்தால் பெரியவர்களுக்கானது, இல்லாவிட்டால் சின்னவர்களுக்கானது என்று கோடிக்கணக்கான பெற்றோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நரகத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

முதல் சான்றாக, தாங்களே மறக்க விரும்பும் ஒன்றை எடுக்கிறேன். 1995-இல் ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டமில், சிறுவர் கூட்டம் அலைமோதும் பூங்காவின் நடுவே, ‘ஏலியன் என்கவுன்ட்டர்’ என்ற ஒன்றைத் திறந்தீர்கள். வட்டமான அரங்கு. ஒவ்வொருவருக்கும் தனி நாற்காலி. தோள்மேல் இறங்கி அழுத்தும் கம்பி. நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் வேற்றுக்கிரகத்து மிருகம். விளக்கு அணைகிறது, கண்ணாடி உடைகிறது, மிருகம் வெளியே வந்துவிடுகிறது. அதன்பிறகு எதுவும் தெரியாது; காதருகே மூச்சுச் சத்தம், பிடரியில் வெதுவெதுப்பான காற்று, முகத்தில் தெறிக்கும் ஈரம். நாற்காலியின் முதுகில் ஒலிபெருக்கி வைத்து, இருட்டை மட்டுமே மூலதனமாக்கி, ஒரு அடிகூட நகராத நாற்காலியில் உட்காரவைத்தே மனிதரை அலறவைத்தீர்கள். வேலைத்திறன் என்று பார்த்தால் அபாரம். இதன் முதல் வடிவத்தைப் போதிய அளவு பயமுறுத்தவில்லை என்று தங்கள் தலைமை நிறுத்தி, திருத்தச் சொல்லி, இன்னும் கடுமையாக்கித்தான் திறந்தது. பெற்றோரின் புகார்கள் குவிந்தன. 2003-இல் மூடினீர்கள்.

அடுத்து நடந்ததுதான் பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தகுந்தது. 2004-இல் அதே அரங்கில், அதே நாற்காலியில், அதே தோள்கம்பியோடு ‘ஸ்டிட்ச்சின் தப்பியோட்டம்’ வந்தது. பல்லிளிக்கும் மிருகத்துக்குப் பதிலாகப் பெரிய காதுகளும் நீலத்தோலும் கொண்ட, படத்தில் குழந்தைகள் கொஞ்சிய ஸ்டிட்ச். கூடவே ஏப்ப வாடை. குடும்பத்தோடு ரசிக்கலாம் என்று முரசறைந்தீர்கள். விளக்கு அணைந்ததும் குழந்தைகள் முன்போலவே அலறின. பெரியவர்களுக்கோ பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தங்கள் படைப்புகளிலேயே மோசமானது எது என்று விசிறிகள் பேசும்போதெல்லாம் இதன் பெயர் அடிபட்டது. 2018-இல் இதுவும் போனது. மிருகத்தின் முகத்தை மாற்றினால் பயம் போய்விடும் என்று தாங்கள் கணக்குப் போட்டீர்கள். பயம் முகத்தில் இருக்கவில்லை. இருட்டில் தோளைக் கம்பி அழுத்தியிருக்க, பக்கத்து நாற்காலியில் இருக்கும் அம்மாவைக் கட்டிக்கொள்ள முடியாத அந்த நிலையில் இருந்தது. அங்கே லட்டு விநியோகித்திருந்தாலும் குழந்தை அழுதிருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஸ்நோ ஒயிட். கலிஃபோர்னியாவில் 1955-இல் திறந்தபோது அந்தச் சவாரிக்குள் ஸ்நோ ஒயிட்டே கிடையாது. ஏறி உட்கார்ந்தவர்தான் ஸ்நோ ஒயிட், சூனியக்காரி ஆப்பிளை நீட்டுவது அவரிடம்தான். கதாநாயகி எங்கே என்று ஜனங்கள் தேடியதால் 1983-இல் ஒரு பொம்மையைச் சேர்த்து, பெயரிலேயே ‘பயமூட்டும்’ என்று போட்டுவைத்தீர்கள். 1971-இல் ஃப்ளோரிடாவில் வைத்த வடிவம் இன்னும் கொடியது: சுபமான முடிவுகூட இல்லாமல் சூனியக்காரியிடமே பயணத்தை முடித்துக்கொண்டது. அழுகைக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன வண்டியில் குழந்தை அப்பாவை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. முகத்தை அவர் சட்டைக்குள் புதைக்கலாம். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கலாம். தாங்கமுடியும் அளவை அதுவே வைத்துக்கொள்ளலாம். தாங்கள் அந்தச் சவாரியை 1994-இல் மென்மையாக்கி, 2012-இல் மூடி, அங்கே இளவரசிகளோடு படமெடுத்துக்கொள்ளும் மண்டபம் கட்டினீர்கள். பழைய பொம்மைகள் சில 2014-இல் திறந்த ‘ஏழு குள்ளர்’ ரோலர் கோஸ்டருக்குப் போயின. அதற்கு 97 சென்டிமீட்டர் வேண்டும். முன்பு மடியில் இருந்தபடி பார்க்க முடிந்த குள்ளர்களைச் சவாரிக்குள் பார்க்க இப்போது வளர்ந்துவிட்டு வர வேண்டும். கலிஃபோர்னியா வடிவத்துக்கும் 2021-இல் பெயரை மாற்றி, முத்தமும் மங்களமும் பாடிவிட்டீர்கள்.

இந்தச் சவாரிக்கு மூலமான ஸ்நோ ஒயிட் படம் 1938-இல் பிரிட்டனுக்குப் போனபோது, அங்குள்ள தணிக்கையாளர்கள் குழந்தைகள் மிரளக்கூடும் என்று கருதி ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ‘ஏ’ இன்று நாம் நினைக்கும் ‘ஏ’ அல்ல. பெரியவர் துணையோடு வந்தால் குழந்தையும் பார்க்கலாம் என்பது அதன் விதி. அவர்கள் குழந்தையை வெளியே தள்ளவில்லை. பக்கத்து சீட்டில் யார் என்று கேட்டார்கள். தணிக்கைக்காரர்களைப் பாராட்டும் வாய்ப்பு ஒரு எழுத்தாளனுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தங்களிடமும் அதே விதி உண்டு: ஏழு வயது நிரம்பாத குழந்தை, பதினான்கு வயதாவது ஆன ஒருவர் துணையின்றிச் சவாரி ஏறக்கூடாது. துணைக்கு ஆள் வேண்டும் என்று விதி எழுதிவிட்டு, இருவரையும் தனித்தனிக் கம்பிக்குள் பூட்டினால், அந்தத் துணை டிக்கெட்டில் மட்டும்தான் இருக்கும்.

எனவே என் விண்ணப்பம்: இப்போதிருக்கும் கோல் நெட்டுக்குத்தாக நிற்கட்டும். அதன் பக்கத்தில் குறுக்காக இன்னொரு கோல் வையுங்கள். அது குழந்தையின் கைக்கும் கூட வந்தவரின் கைக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கும். எட்டினால் ஒரு நிறம், எட்டாவிட்டால் வேறொரு நிறம். இந்தக் கோலை வைத்துப் பார்த்தால் தங்கள் ‘ஹான்டட் மேன்ஷன்’ பேய் மாளிகை ஏன் 1969 முதல் அசையாமல் நிற்கிறது என்பதும் விளங்கும். அதை உருவாக்கியபோது தங்கள் வடிவமைப்பாளர்களில் கிளாட் கோட்ஸ் மிரட்ட வேண்டும் என்றார், மார்க் டேவிஸ் சிரிக்கவைக்க வேண்டும் என்றார். இரண்டும் உள்ளே போய்விட்டன. நீளும் அறையில் இருட்டும் அலறலும் வரும்போது எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம். பிறகு மெல்ல ஊரும் வண்டியில் ஒரே இருக்கை. அது வெறும் பொம்மைடா செல்லம் என்று காதில் சொல்ல அம்மாவுக்கு நேரமும் இருக்கிறது. அங்கே உயர வரம்பு இல்லை. பிணம் தொங்குகிறது, குடும்பங்கள் தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன.

அப்படியானால் டவர் ஆஃப் டெரரில் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடிக்கலாமே, நான்கு வயதுக்கு அது தகுமா என்று மடக்கலாம். நல்ல கேள்வி. கை எட்டினால் மட்டும் போதாது, அந்தக் கை ஏதாவது செய்ய அவகாசமும் வேண்டும். விழுகிற நேரத்தில் யாரும் யாருக்கும் எதையும் விளக்க முடியாது, அம்மாவே கத்திக்கொண்டிருப்பாள். குறுக்குக்கோல் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லாது, உயரக்கோல் சொல்லாமல் விட்டதில் ஒன்றைச் சொல்லும், அவ்வளவே. இதெல்லாம் பெற்றோரின் பொறுப்பு, இணையதளத்தில் இருட்டு, சத்தம், பயம் என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறோமே என்றும் தாங்கள் சொல்லலாம். குறித்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டிக்கொள்ளக்கூடிய இருட்டுக்கும் கட்டிக்கொள்ள முடியாத இருட்டுக்கும் அங்கே ஒரே சொல்தான். உள்ளே இருக்கை எப்படி என்பது கட்டியவருக்குத்தான் தெரியும். தெரியாததை வைத்து முடிவெடுக்கச் சொல்லிவிட்டு, முடிவு தப்பானால் பொறுப்பையும் ஏற்கச் சொல்வது சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டு வழி கேட்பதைப் போன்றது.

தங்கள் நிறுவனர் இந்தப் பூங்காவைக் கற்பனை செய்தது எப்படி என்பதைத் தாங்களே ஊரெங்கும் சொல்கிறீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவில் தன் இரண்டு பெண்களும் ராட்டினத்தில் சுற்ற, இவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாம். இப்போது தாங்கள் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று ஒரு வசதி தந்திருக்கிறீர்கள். அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு வெளியே. அவர் வந்ததும் இவள் உள்ளே. அதாவது வால்ட் எழுந்து வந்த அதே பெஞ்சில், முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பெற்றோரைத் தவணை முறையில் மறுபடி உட்காரவைத்திருக்கிறீர்கள். 2023-இல் மேஜிக் கிங்டமில் திறந்த ‘ட்ரான்’ சவாரியில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், உயர வரம்பு 122 சென்டிமீட்டர். வேகம் விரும்பும் இளவட்டங்களுக்கு அது இருக்கட்டும். 2020-இல் வந்த மிக்கி ரயில் சவாரிக்கும் 2021-இல் வந்த ரெமி எலிச் சவாரிக்கும் உயர வரம்பு இல்லை, அவற்றில் எல்லோரும் சேர்ந்தே போகலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முடியாது என்று சொல்லித் தாங்கள் தப்பிக்க வழியில்லாமல் போனதற்கு அவைதான் காரணம்.

ஆகவே, ஒவ்வொரு வாசற்பலகையிலும் உயரத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: உள்ளே குழந்தை கூட வந்தவரைக் கட்டிக்கொள்ள முடியுமா, முடியாதா. பெயின்ட் செலவு ட்ரான் பட்ஜெட்டில் அடங்கிவிடும். முடியும் என்று எழுதும் இடங்களில் சூனியக்காரிக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள்; அவளைச் சிரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். முடியாது என்று எழுதும் இடங்களில், அங்கே எவ்வளவு அழகான நீலப் பொம்மை இருந்தாலும், குழந்தையை உள்ளே அழைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உயரம் போதுமென்று தங்கள் கோல் சான்றளித்த ஒரு விசிறி