திரை சொன்னால் நம்பிப்போடுவியோ?

வா தம்பி, இப்பிடி இரு. மூஞ்சையைப் பார்க்கவே விளங்குது, போன் திரும்பவும் 'தேடியது கிடைக்கவில்லை' எண்டு சொல்லிப்போட்டுது. நீ நல்ல பிள்ளை. கிழவன் சொன்னால் ஆதாரம் கேட்பாய், திரை சொன்னால் தலையாட்டிப்போட்டு வந்துவிடுவாய்.

எங்கட திருகோணமலைச் சீனன்குடாவையே எடு. பஸ்ஸிலே போறவனுக்கு அது பிறீமா மா ஆலையும் விமானப்படை வேலியுந்தான். 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊர் இது, அதிலே கனக்கத்தைக் காடு மூடிக் கிடக்குது. 1942 ஏப்ரல் 9 இலே வந்த யப்பான்காரன் 'ஒண்டும் தெரியேல்லை' எண்டு திரும்பிப் போனவனோ? ஒரு தாங்கியை எரிச்சுப்போட்டெல்லோ போனவன்!

2022 இலே அந்தத் தாங்கியளைப் பங்கு பிரிச்சாங்கள். லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, ரெண்டு பேரும் சேர்ந்து நடத்த 61. கூட்டிப் பார், கணக்குச் சரி. நாளைக்கு ஒரு தேடல் திரை உனக்கு 14 ஐ மட்டும் காட்டினால், மிச்சம் 85 ஐயும் கப்பலிலே ஏத்திப்போட்டாங்கள் எண்டு அழப்போறியோ? எங்கையோ ஒரு வடிகட்டி உனக்குச் சொல்லாமல் பூட்டிக் கிடக்குது. அதாலே, விடை தெரிஞ்ச ஒண்டை முதல்ல தேடு. அதையும் 'இல்லை' எண்டால் பிழை உன்னிலே இல்லை, திரையிலே.

பிறகு பூட்டைத் தேடு. கணினியிலே இடப்பக்கம் வரிசையா நிக்கிற ஆண்டு, மாவட்டம், மொழி எல்லாம் போனிலே இடமில்லாமல் ஒரு புனல் படத்துக்குள்ளேயோ மூண்டு கோட்டுக்குள்ளேயோ சுருண்டு படுத்திருக்கும். போனைச் சரிச்சுப் பிடி. சரிவராட்டி குரோமிலே மூண்டு புள்ளியை அமத்தி 'டெஸ்க்டொப் சைட்' எண்டதுக்குச் சரி போடு. கணினி எண்டால் கொன்ட்ரோலையும் மைனசையும் சேர்த்துத் தட்டு, ஓரத்திலே வெட்டுப்பட்ட நிரல் தானா உள்ளுக்கு வரும். ஆண்டுப் பெட்டியிலே இந்த வருசம் சொல்லாமலே குந்தியிருக்கும், அதையும் பார். கொன்ட்ரோல் எவ் போட்டுத் தேடிப்போட்டு 'முடிஞ்சுது ஐயா' எண்டு வராதே. சில பட்டியல் நீ கீழே இழுக்க இழுக்கத்தான் வரும், வராததுக்குள்ளே அது எப்பிடித் தேடும்?

மேலே முகவரியிலே கேள்விக்குறிக்குப் பிறகு ஒரு வால் தொங்குமே, அநேகமா நீ கேட்ட கேள்விதான் அது. பக்கம் 1 எண்டு இருந்தால் 2 ஆக்கிப் பார். அதுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர சுட்டெண்ணைப் போட்டு ஓஎல் றிசல்ட்ஸ் பார்க்கிற வேலை வேண்டாம். அதுக்கு உன்ர மாமி இருக்கிறா.

இனித்தான் பெரிய கள்ளன். பழைய தமிழ்ப் பீடிஎவ் கனக்கப் பாமினி எழுத்துருவிலே அடிச்சது. கண்ணுக்கு வடிவான தமிழ். உள்ளுக்குப் பார்த்தால் 'க' இருக்கவேண்டிய இடத்திலே இங்கிலீஸ் 'எவ்', 'ம' வுக்கு 'கே'. நீ யூனிகோட்டிலே 'திருகோணமலை' எண்டு விடிய விடியத் தட்டினாலும் அது வாய் திறக்காது. கண்ணாலே ஒரு இடத்திலே அந்தச் சொல்லைக் கண்டுபிடி, அங்கேயே கொப்பி பண்ணு, அந்தக் குப்பை எழுத்தை அப்பிடியே தேடல் பெட்டியிலே ஒட்டு. மிச்ச இடமெல்லாம் வரிசையா எழும்பி நிக்கும். ஸ்கான் பண்ணின வெறும் படம் எண்டால் மட்டும் இந்த வித்தை எடுபடாது, குந்தியிருந்து பக்கம் புரட்டு.

அதுக்கும் வழி இல்லையோ? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்குது. தகவல் இருக்கிற கந்தோரிலே எழுதிக் குடு, தருவமோ மாட்டமோ எண்டு 14 வேலை நாளுக்குள்ளே சொல்லவேணும். கந்தோர்ப் பக்கம் போறதுதானே, என்ர கறண்ட் பில்லையும் கொண்டுபோய்க் கட்டிப்போட்டு வா. மிச்சக் காசை மறைச்சு வைக்காதே, எனக்குத் தேடத் தெரியும்.