படிவம் கேட்கிறது, நாங்கள் பதில் சொல்கிறோம்

கே: புகார்ப் படிவத்தில் 500 எழுத்து வரை எழுதலாம் என்று போட்டிருந்தது. நான் எண்ணிப் பார்த்து 400தான் எழுதினேன். 'அளவைத் தாண்டிவிட்டது' என்கிறதே?

ப: நீங்கள் எண்ணியது சரி. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கட்டத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் மேக்ஸ்லெங்த் இந்த ஐந்தைத்தான் எண்ணுகிறது. பின்னால் தரவுத்தளத்தில் பைட் கணக்கு வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிட்டால் இது கண்ணில் படவே படாது. நாம் எண்ணுவது போலவே எண்ண இன்டல்.செக்மென்டர் என்ற கருவி இன்றைய உலாவிகளில் இருக்கிறது. தமிழில் எழுதச் சொல்பவர்கள் தமிழிலேயே எண்ணவும் வேண்டும்.

கே: எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதையா?

ப: ஆமாம். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும், தமிழில் 70 குறியீடு. 'தமிழ்' என்று 14 முறை எழுதினால் தீர்ந்தது.

கே: படிவத்தில் அளவு முடிந்ததும் தட்டச்சு நின்றுவிடுவது நல்லதுதானே?

ப: இல்லை, எழுத விடுங்கள். மனுவை வேறிடத்தில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டுபவர்கள் ஏராளம். மிஞ்சிய வாலை மேக்ஸ்லெங்த் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஊர்ப் பிரச்சினையெல்லாம் மேலே இருக்கும். 'ஆகவே இதைச் செய்து தர வேண்டுகிறேன்' என்பது கடைசி வரியில் இருக்கும். அது போனதே தெரியாமல் அனுப்பிவிடுவார்கள். 'இன்னும் 40 எழுதலாம்' என்று எழுதும்போதே காட்டுங்கள். தாண்டினால், '62 அதிகம், குறைத்து அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள். எழுதியதை மட்டும் அழித்துவிடாதீர்கள். அரை மணி நேரம் ஒற்றை விரலால் தட்டியவரிடம் மறுபடி முதலிலிருந்து எழுதச் சொல்வது அநியாயம்.

கே: உலாவியிலேயே சரிபார்த்தால் போதாதா?

ப: போதாது. அந்தச் சோதனையை யாரும் கடந்துவிடலாம். சர்வரிலும் பாருங்கள்.

கே: 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் காட்டுகிறோம். வேறென்ன வேண்டும்?

ப: எந்தக் கட்டம், என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று சொல்ல வேண்டும். 'செல்பேசி எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்' என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதுங்கள். சிவப்பைப் பிரித்தறிய முடியாதவர்களும், திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவர்களும் படிவம் நிரப்புகிறார்கள். அந்த வரியை ஏரியா-டிஸ்க்ரைப்ட்பை என்ற பண்பின் மூலம் கட்டத்தோடு இணைத்தால் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும்.

கே: எனக்கு இனிஷியலும் பெயரும்தான். 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று படிவம் அடம்பிடிக்கிறதே?

ப: தவறு படிவத்தினுடையது. விடாமல் கேட்டால் படிவமும் மாறும். ஹவாயில் ஒரு பெண்ணின் நீண்ட குடும்பப் பெயர் ஓட்டுநர் உரிமத்தின் 35 எழுத்து இடத்தில் அடங்கவில்லை. கடைசி எழுத்து வெட்டுப்பட்டது, முதற்பெயருக்கு இடமே இல்லை. அவர் விடாமல் முறையிட்டார். 2013இல் அந்த மாநிலம் அளவை 40 ஆக்கியது. நீங்களும் அந்தப் படிவத்தின் உதவிப் பகுதிக்கு எழுதிப் போடுங்கள்: 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம், தாராளமான நீளம்.